கிளாரினெட்காரன் டிரம்பெட் பிடித்த கதை

1. வடையோடு வந்த சேதி

என் வேலை போய்விட்டது என்ற சேதியை என் மச்சான் சவரிமுத்து டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னான். செஞ்சி கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை. காசு கொடுக்கக் கல்லாப் பக்கம் அவன் முந்திக்கொண்டு போனபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சவரிமுத்து என் மனைவி பிலோமினாவின் தம்பி. எங்கள் பேண்டு செட்டுக்கு ஓனர், மாஸ்டர், முதல் டிரம்பெட் எல்லாம் அவன்தான். உறவில் நான் அவனுக்கு மாமா, தொழிலில் அவன் எனக்கு முதலாளி. கல்யாணம், காதுகுத்து, சாவு, மாதா கோயில் தேர் என்று இருபது வருஷமாக அந்தச் செட்டில் கிளாரினெட் வாசித்தவன் நான்.

"மாமா, இத பாரு" என்று போனை நீட்டினான். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒரு பெரிய மைதானத்தில் கோடு போட்ட மாதிரி நடந்துகொண்டே வாசித்தார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பித்தளை வாத்தியம், ஒரு பக்கம் முழுக்க டிரம்.

"இதுக்குப் பேரு டிரம் கார்ப்ஸ். இனிமே நம்ம செட்டும் இதான். வெள்ள யூனிஃபாரம், தொப்பியில எறகு, எல்லாத்துக்கும் ஆர்டர் குடுத்துட்டேன்."

"சரி, இதுல கிளாரினெட் எங்க நிக்குது?"

"நிக்கல மாமா."

வாயிலிருந்த வடையை அப்படியே விழுங்கினேன்.

"அப்ப நானு?"

"நம்ம ரெண்டாவது டிரம்பெட்டு ஓசூர் கம்பெனி வேலைக்குப் போயிட்டான்ல. அந்த எடத்துக்கு வா. முடியலன்னா மராக்கஸ் இருக்குது."

மராக்கஸ் என்றால் கையில் பிடித்து ஆட்டுகிற கிலுகிலுப்பை. வாசிக்கத் தெரியாதவர்கள், யூனிஃபாரம் போட ஆசைப்படுகிற சொந்தக்காரர்கள், இவர்கள் கையில்தான் அதைக் கொடுப்போம்.

"எப்ப முடிவு பண்ணுவ?" என்றேன்.

"நம்ம ஊரு தேரன்னைக்கு. தேரு கோயிலுக்குள்ள நொழையறப்ப டிரம் எல்லாம் நின்னுடும். டிரம்பெட்டு மட்டும் அந்த மேல் சுரத்த எடுத்து நீட்டணும். நீ எடுத்துட்டா எடம் ஒனக்கு. ஒடைச்சிட்டா மறுநாளு கொடியிறக்கத்துக்கு மராக்கஸ் ஆட்டு."

நம்ம ஊரு என்று அவன் சொன்னது வல்லம் பக்கத்தில் இருக்கும் என் மாமியார் ஊரை. பிலோமினாவின் பெரியப்பா, சித்தி, அத்தை மக்கள் எல்லாரும் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர். அங்கே நான் கிலுகிலுப்பை ஆட்ட வேண்டும் என்பதுதான் அவன் திட்டம்.

"நான் எடுத்துட்டா நீ ஆட்டுவியா?" என்றேன்.

சிரித்தான். "ஆட்டுறேன் மாமா. ரெண்டு கையிலயும் ஆட்டுறேன்."

2. ரீடு இல்லாத வாய்

கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஊதுகிற வாத்தியம்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிளாரினெட்டில் சத்தம் போடுவது ரீடு, அதாவது வாய் வைக்கிற இடத்தில் கட்டிய நாணல் பட்டை. நாம் காற்றைக் கொடுத்து, கீழுதட்டால் லேசாக அணைத்துப் பிடித்தால் போதும். டிரம்பெட்டில் ரீடும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நம் உதடுதான் ரீடு. அதுதான் துடிக்க வேண்டும்.

விரல் விஷயமும் அப்படித்தான். கிளாரினெட்டில் விரல் வைத்த இடத்தில் சுரம் கிடைக்கும். டிரம்பெட்டில் இருப்பது மூன்றே வால்வு. ஒரே வால்வை அழுத்தினால் அதற்குள் நாலைந்து சுரம் ஒளிந்திருக்கும். எது வெளியே வரும் என்பதை உதடு முடிவு பண்ணும். என் உதட்டுக்கோ அந்த நாளில் எந்த முடிவும் எடுக்கத் தெரியாது.

முதல் நாள் பயிற்சியில், கிளாரினெட்டில் செய்கிற மாதிரியே, வாய் வைக்கிற மவுத் பீஸைப் பல்லால் கடித்தேன். செட்டு முழுக்கச் சிரித்தது. வாசிக்கும் முன்பு ரீடை நாக்கால் நனைப்பது கிளாரினெட்காரன் பழக்கம். பங்குனி வெயிலில் வேன் பானெட்மேல் கிடந்த டிரம்பெட்டை எடுத்து அதே பழக்கத்தில் நக்கினேன். அன்று சோறு தயிரோடு மட்டும்தான் இறங்கியது. "மாமா சுடச்சுட வாசிக்கிறாரு" என்று சவரிமுத்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

உதடு துடிக்கப் பழக வேண்டும் என்று மவுத் பீஸை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற இடமெல்லாம் ஊதினேன். டவுன் பஸ்ஸில் ஊதியபோது கண்டக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, வண்டியில ஏற்கெனவே ஒரு ஹாரன் இருக்குது. ஒன்னுது வேணாம்."

வீட்டில் ஊதினால் பிலோமினா கரண்டியோடு வந்தாள். "எருமைக்கு வயித்து வலி வந்தாப்புல இருக்குது. எங்கனா வயக்காட்டுப் பக்கம் போய் ஊதுய்யா."

3. ஏழுமலையின் மல்லாட்டைக் கொல்லை

அப்படித்தான் சிங்கவரம் ரோட்டில் ஏழுமலை என்ற விவசாயியின் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தேன். மல்லாட்டை போட்டிருந்தான். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. பொழுது சாய்கிற நேரத்தில் மோட்டார் கொட்டகை ஓரமாக நின்று ஊதுவேன். என் டிரம்பெட்டில் அப்போது சுரம் பிளந்து, வழுக்கி, முக்கிக்கொண்டுதான் வரும்.

ஒரு வாரம் பொறுத்து ஏழுமலை ஒரு சொம்பு நிறைய அவித்த மல்லாட்டையோடு வந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நான் வாத்தியத்தைப் பைக்குள் திணித்தேன்.

"பேண்டுக்காரரே, உள்ள வெக்காத! நீ தெனம் வா. பட்டாசு போட்டேன், தகரம் தட்டினேன், எதுக்கும் அசையாத காட்டுப்பன்னி, நீ ஊத ஆரம்பிச்சதுல இருந்து இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல."

நானும் சளைக்காமல் தினமும் போனேன். கஷ்டப்பட்டு வாசித்தேன், கஷ்டப்படாமல் மல்லாட்டை தின்றேன். மெல்ல மெல்ல உதடு சொன்ன பேச்சு கேட்க ஆரம்பித்தது. கீழ்ச் சுரங்கள் பிளக்காமல் நின்றன. பிறகு நடுச் சுரங்கள். ஒரு நாள் அந்த மேல் சுரமே வந்து நின்றுவிட்டது. நானே பயந்து நிறுத்திவிட்டேன்.

மறுவாரம் ஏழுமலை வெறுங்கையோடு வந்தான். முகம் சரியில்லை.

"இன்னா ஆச்சி ஒனக்கு? நல்லாதான ஊதிக்கினு இருந்த?"

"இப்பதான்யா நல்லா ஊதறேன்."

"அதான் சொல்றேன். நேத்து நீ ஊதறப்பவே பன்னி வந்துடுச்சி. வரப்பு மேல நின்னு கொஞ்ச நேரம் கேட்டுது. அப்பறம் நிதானமா உள்ள எறங்கி ஒரு பாத்தி தின்னுட்டுப் போச்சி. மொதல்ல ஊதன மாதிரியே ஊதக் கூடாதா?"

இருபது வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்த அளவுக்கு எதுவும் எனக்குச் சந்தோஷம் கொடுத்ததில்லை. சைக்கிளைப் பறக்க விட்டுக்கொண்டு போய்ப் பிலோமினாவிடம் சொன்னேன்.

"பன்னிக்குப் புடிச்சிருந்தா எங்க வீட்டு ஆளுங்களுக்கும் புடிக்கும், போ" என்றாள்.

4. தேர்

தேர் அன்றைக்கு நாங்கள் வெள்ளை யூனிஃபாரமும் இறகுத் தொப்பியுமாக வரிசையில் நின்றோம். முன்னால் நானும் சவரிமுத்தும், மெட்டு முழுக்க எங்கள் இரண்டு டிரம்பெட்டில்தான். பின்னால் யூஃபோனியம் என்கிற பெரிய பித்தளை வாத்தியம், அதற்குப் பின்னால் டிரம். கோயிலில் புறப்பட்டு நடுத்தெரு, மேட்டுத்தெரு, பிறகு கடைத்தெரு வழியாகத் திரும்பவும் கோயில்.

நடுத்தெருவில்தான் மாமியார் வீடு. வாசலில் சொந்தம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோடியாக வாசிக்க வேண்டிய இடம், விட்டு வாசிக்க வேண்டிய இடம் என்று பார்க்காமல் முழுசாகப் பிளந்து கட்டினேன்.

"அப்டிதான் மாமா! இன்னும் ஏத்து!" என்று சவரிமுத்து பக்கத்தில் இருந்து தூபம் போட்டான். எனக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் ஏற்றினேன்.

அங்கேதான் நான் கிளாரினெட்காரனாகவே இருந்துவிட்டேன். கிளாரினெட்டில் பெண்ணழைப்பிலிருந்து முகூர்த்தம் வரைக்கும் நிறுத்தாமல் வாசிக்கலாம். தாடை வலிக்கும், ஆனாலும் சத்தம் வரும். பித்தளை அப்படியில்லை. உதடு சதைதானே, ரத்த ஓட்டம் நின்றால் மரத்துப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு ஊதினாலும் காற்றுதான். ஆரம்பத்திலிருந்து டிரம்பெட் பிடித்தவனுக்கு இது தெரியும். சவரிமுத்துக்கு நன்றாகவே தெரியும்.

மேட்டுத்தெருவுக்குள் திரும்பினோம். ஊதினேன். புஸ் என்றது. இன்னொரு தடவை ஊதினேன். அதே புஸ். சவரிமுத்து ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான். வேனில் மராக்கஸ் தயாராக இருப்பது எனக்குத் தெரியும். என் மனைவி வீட்டார் முன்னால் அந்தச் சுரம் உடையப்போகிறது என்று நினைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கன்னத்தை உப்பினேன். புருவத்தை உயர்த்தினேன். வால்வை மூன்று விரலாலும் தாளம் தப்பாமல் அமுக்கினேன். உதட்டை மட்டும் மவுத் பீஸில் படாமல் வைத்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு நான் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வரி போனதும் சவரிமுத்துக்கு விஷயம் புரிந்தது. மூச்சு வாங்குகிற இடைவெளியில் பல்லைக் கடித்தான்.

"மாமா, வாசி!"

நான் கன்னத்தை இன்னும் கொஞ்சம் உப்பினேன்.

அவனால் நிறுத்தவும் முடியாது. அவனும் நிறுத்தினால் மெட்டே இல்லை, தேர் வெறும் டிரம்மோடு போகும். அவன் பிறந்த ஊர் வேறு. மேட்டுத்தெரு முழுக்க, கடைத்தெரு முழுக்க, இரண்டு பேர் வேலையை அவனே பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. தொப்பி இறகு ஆடியது. கடைத்தெரு முனையில் அவன் சுரமும் கரகரக்க ஆரம்பித்தது. என் உதட்டில் அதற்குள் ரத்தம் திரும்பி, எறும்பு ஊர்வது போல் இருந்தது.

தேர் கோயில் வாசலை எட்டியது. டிரம் நின்றது. ஊரே வாயை மூடிக்கொண்டது. இரண்டு பேரும் டிரம்பெட்டைத் தூக்கினோம். சவரிமுத்து ஊதினான். புஸ் என்றது.

நான் ஊதினேன். ஏழுமலை கொல்லையில் பன்றி நின்று கேட்ட அதே சுரம், உடையாமல், பிளக்காமல், கோயில் கதவைத் தாண்டிப் பீடம் வரைக்கும் போனது. தேர் உள்ளே நுழைந்து நிற்கும் வரை நீட்டினேன். கூட்டத்தில் பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டதற்குத் தூசி என்றாள்.

5. கற்றுக்கொண்டது

மறுநாள் கொடியிறக்கத்துக்குச் சவரிமுத்து மராக்கஸ் ஆட்டினான். ரெண்டு கையிலும் ஆட்டினான். அவன் சொன்ன சொல் தவறாதவன், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

மத்தியானம் மாமியார் வீட்டில் கறிச்சோறு. அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை. மாமியார் குழம்புச் சட்டியோடு வந்தார்.

"தேருக்குப் பின்னாலயேதான் வந்தேன். எல்லாத் தெருவுலயும் நல்லாதான் வாசிச்சீங்க மாப்ள. ஆனா நடுத்தெருவுல கொஞ்சம் காட்டுக் கத்தலா இருந்துச்சி. மேட்டுத்தெருவுல வாசிச்சீங்களே, அதுதான் காதுக்கு எதமா இருந்துச்சி."

சவரிமுத்துக்குப் புரை ஏறியது. நான் அவன் தலையில் தட்டி, தண்ணீரை நகர்த்தி வைத்தேன். "இன்னும் ரெண்டு துண்டு போடுங்க அத்த" என்றேன்.

செட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கிளாரினெட்டிலிருந்து பித்தளைக்கு மாறுகிறவர்கள் எப்படி ஊதுவது என்றுதான் என்னைக் கேட்கிறீர்கள். எப்போது ஊதக் கூடாது என்று கேளுங்கள். உங்கள் உதடு களைக்கும் முன்பே அடுத்தவனுக்குக் கொடுங்கள், அவன் களைக்கும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவன் மச்சானாக இருந்தாலும் அப்படித்தான். இப்போது எங்கள் செட்டில் உதடு களைத்தவன் பக்கத்து ஆளிடம் "மேட்டுத்தெரு" என்று ஒரு வார்த்தை சொல்வான், பக்கத்து ஆள் மெட்டை எடுத்துக்கொள்வான். அந்த வார்த்தையை என்னை விட என் மச்சான்தான் அதிகமாகச் சொல்கிறான்.