அளவுத்தாள் ஒட்டிய பாட்டில்

ஆஸ்பத்திரியில் மிக்சர் வாங்கிக் குடித்த காலத்தவர்களுக்கு அந்த பாட்டில் நினைவிருக்கும். பக்கவாட்டில் நீளமாக ஒரு தாள், வேளைக்கு ஒரு பல் அளவு என்று ஓரத்தை வெட்டி ஒட்டியிருக்கும். எழுபதுகளில், காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த சிறிய தர்ம ஆஸ்பத்திரியில், அதை வெட்டி ஒட்டியவர் எங்கள் கம்பவுண்டர். தென்னேரிக்காரர். கை தாராளம். தறிக்குழியில் நாளெல்லாம் குனிந்து ஜரிகையோடு மல்லாடுகிறவர்களுக்குத் தலைவலியும் இடுப்புவலியும் ஓயாது. இரண்டு மாத்திரை எழுதிய சீட்டுக்கு ஆறு கொடுப்பார். "வலியோட ஏன் போவணும்? எடுத்துக்கினு போ" என்பார். ஊரே அவரைக் கும்பிட்டது, நானும்தான்.

பக்கத்து அறையில் நான் சிறுநீர் பரிசோதிக்கிறவள். சர்க்கரை, உப்பு பார்த்தால் என் வேலை முடிந்தது. சென்னையிலிருந்து வந்த புது டாக்டர்தான், அடியில் படிவதற்குச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் செல்களையும் பார்க்கச் சொன்னார். மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்தால், உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் செல்கள் உதிர்ந்து வருமாம். முகம் வீங்கி வந்த ஒரு நெசவாளியின் சிறுநீரில் அவற்றைக் கொத்துக் கொத்தாகக் கண்டேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மருந்தே தொடறதில்லமா."

"தலைவலி வந்தா?"

"அதுக்குத்தான் கம்பவுண்டர் ஐயா மாத்திரை இருக்குதே. அது மருந்தா? டெய்லி நாலு."

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கம்பவுண்டருக்கு வந்ததே கோபம்! "கண்ணாடியில பூச்சி பாக்கிறவ, எனக்குச் சொல்ல வந்துட்டியா?" என்று கத்திவிட்டு மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நான்காம் நாள் என் மேஜைமேல் ஒரு மிக்சர் பாட்டிலை வைத்தார். அளவுத்தாளைக்கூடக் கிழிக்கவில்லை. உள்ளே சிறுநீர். யாருடையது என்றேன். "மொதல்ல பாருமா" என்றார். பார்த்தேன், நெசவாளியுடையதைவிட மோசம். நிமிர்ந்தால், மனிதர் அங்கேயே நின்றிருந்தார். "பத்து வருஷமா நானும் அந்த மாத்திரையத் துன்னுக்கினுதான் இருக்கிறேன்."

அன்றோடு, ஆறாகக் கொடுப்பதையும் தான் விழுங்குவதையும் நிறுத்திவிட்டார். வாரம் தவறாமல் பாட்டில் வரும். நெசவாளிக்கு ஆடி முடிவதற்குள் செல்கள் குறைந்து, வீக்கமும் வடிந்தது; மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். கம்பவுண்டருக்குக் குறையவில்லை. ஒரு வாரம் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "நல்லா கொறஞ்சிருக்குது சார்" என்று புளுகிவிட்டேன்.

சிரித்தார். "நானும் இப்படித்தாம்மா, மனசு கேக்காம ஆறு ஆறா குடுத்தேன். கண்டதை எழுது."

எழுதினேன். அவரே வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த தை மாதம் அவர் இல்லை.

இப்போது கடையில் கேட்டால் மாத்திரையை அட்டையாகவே எடுத்து நீட்டுகிறார்கள். அவர் கடைசியாகக் கொண்டுவந்த பாட்டில், கழுவித் துடைத்து, என் அலமாரியில் இருக்கிறது. தாள் பழுத்துவிட்டது, பற்கள் மட்டும் தெரிகின்றன. வீட்டில் யாராவது உடம்புக்கு முடியாமல், "எனக்கு ஒண்ணுமில்லதானே?" என்று கேட்டால், ஒருமுறை அந்த பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.