உச்சமுனை போய்ச் சேராத மாப்பிள்ளை

பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு முஸ்லிம் விவாகம் செல்லாததாகிவிடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது மனப்பாடம். காணிக் கந்தோரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது புதுச் செய்தி.

"சட்டம் சரி சேர். கடுத்தத்தைக் கொண்டு வாங்க," என்றார்.

கடுத்தம் என்பது பள்ளிவாசலில் எழுதும் விவாகப் பதிவு. அவர் கேட்டது எங்கள் பூட்டனாருடையதை. ஏறத்தாழ நூறு வருடப் பழையது. கண்டக்குழியில் என் மூத்த சகோதரி, ராத்தா, குடியிருக்கும் வீட்டு வளவு, உச்சமுனைக்காரியான பூட்டிக்கு அவருடைய வாப்பா சீதனமாக எழுதியது. கல்யாணம் நடந்தால் மட்டுமே மகளுக்குச் சேரும் என்று காணி உறுதியில் ஒரு வரி உண்டு. யுத்தம் முடிந்து கடற்கரையில் விடுதிகள் முளைக்கத் தொடங்கும்வரை அந்த வரியை யாரும் வாசிக்கவில்லை. பிறகு கந்தோரில் வாசித்தார்கள். கல்யாணத்தை நிரூபிக்காவிட்டால் ராத்தா வெளியேற வேண்டும்.

"இந்த வயசுல நான் எங்க போற?" என்று ராத்தா கேட்டார். அதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை.

வம்ச அட்டவணை ஒன்றைத் தயாரித்து, சமாதான நீதவானிடம் ஒப்பமும் வாங்கினேன். அதில் எல்லோரும் ஒழுங்காகப் பிறந்து, மணந்து, மௌத்தாகியிருந்தார்கள். பூட்டனாரும் பூட்டியும் மட்டும் கல்யாணம் முடிக்காமலே ஆறு பிள்ளைகளைப் பெற்றிருந்தார்கள்.

நிக்காஹைப் பெண்ணின் ஊரில் எழுதுவதே வழமை. எனவே உச்சமுனைப் பள்ளிவாசலுக்கு முறைப்படி எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலுக்கும் ஒரு நினைவூட்டல் எழுதினேன். அப்படியொரு பதிவே இல்லை என்றார்கள். கடைசியில் ராத்தா என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு உச்சமுனைக்கே போனார்.

கரையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் இன்னாருடைய குடும்பம் என்று சொன்னோம். அவர் சிரித்தார்.

"அட, நீங்க பழஞ்சோத்து வீட்டாக்களா?"

ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கட வீட்டுல எல்லாரும் சுடுசோறுதான் திங்கிற."

"கோவிக்காதீங்க ராத்தா. ஒங்கட பூட்டன்ட கலியாணத்துக்கு ஆக்கின சோறு, மாப்புள வராம கெடந்து புளிச்சிப் பெய்த்தாம். மாப்புள எடுக்கப் போய்த் திரும்பின தோணிய காத்து பள்ளிவாசல்துறைக்குத் தள்ளிட்டு."

"பொறகு இஞ்ச வந்துதானே நிக்காஹ் முடிச்ச?" என்றேன்.

"இஞ்ச என்னத்துக்கு? பொண்ணுட வாப்பாவும் தோணிக்குள்ளதானே இருந்த. அங்கேயே முடிச்சாச்சு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மாப்பிள்ளை, வலியாக நின்று பெண்ணைக் கொடுக்கும் வாப்பா, இரண்டு சாட்சிகள்: நிக்காஹுக்கு வேண்டிய எல்லோரும் அந்தத் தோணியில் இருந்திருக்கிறார்கள். பெண்ணின் சம்மதத்தை முன்பே கேட்டாயிற்று. காற்று அடங்கும்வரை காத்திருந்தால் மாப்பிள்ளையின் மனமும் மாறிவிடும் என்று மாமனார் பயந்தாராம். தான் மனைவியாகிவிட்டதைப் பூட்டி மூன்றாம் நாள்தான் அறிந்திருக்கிறார். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. நான்தான் கடிதங்களால் கேட்டேனே தவிர, வாயைத் திறந்து ஒரு மனிதரிடமும் கேட்டிருக்கவில்லை.

மறுநாளே பள்ளிவாசல்துறைக்குப் போனோம். பள்ளி அலுமாரியின் அடித்தட்டில் பழைய புத்தகம் இருந்தது. அரபு எழுத்தில் எழுதிய தமிழ். நிருவாகி விரல் வைத்து வாசித்துக்கொண்டு போய், பூட்டனாரின் பெயரில் நின்றார். ராத்தா கையை முந்தானையில் துடைத்துவிட்டு அந்த வரியைத் தொட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றவர், என் பக்கம் திரும்பி, "இதுக்கா ஒரு வருசமா முத்திர ஒட்டின நீ?" என்றார்.

உறுதிப்படுத்திய பிரதியைக் காணிக் கந்தோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பழக்கதோஷம். மழைக்கு ஒழுகிய கூரையைப் பதில் வரும்வரை மாற்ற மாட்டேன் என்று ராத்தா பிடிவாதமாக இருந்தார். மழைக்காலம் முழுவதும் சட்டிகளை அங்குமிங்கும் நகர்த்தினார். வளவு ராத்தாவுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளும் பதில், ஷஃபான் மாதம் பிறை ஒன்பது, புதன்கிழமை வந்தது.