அம்மாவின் புளியங்கொட்டை வாட்ச்

அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனாலும் கையில் வாட்ச் இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்துத் தெருவில், அவள் வாடிக்கையாக இறால் கொடுக்கும் முஸ்லிம் வீட்டம்மா கொடுத்தது. மகள் சிங்கப்பூரிலிருந்து புதுசு அனுப்பியதும், தன் பழசைக் கழற்றி அம்மா கையில் கட்டிவிட்டாராம்.

புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். எண் கிடையாது, வெறும் கோடுகள். வினாடி முள்ளும் கிடையாது. ஓடுகிறதா என்று தெரியக் காதில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் ஒருமுறை மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே நெத்திலிச் செதிலைவிடச் சின்னதாகச் சக்கரங்கள். மூச்சு பட்டால் பறந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

நைனா கடலுக்குக் கிளம்பும்போது அம்மா கரையில் நின்று அதற்குச் சாவி கொடுப்பாள். இறால் உரித்து மரத்துப்போன விரலுக்கு அந்தக் கடுகளவு சாவி சிக்காது; நகத்தால் திருகுவாள். டிக் டிக் கேட்ட பிறகுதான் படகைத் தள்ள விடுவாள். அது ஓடுகிறவரை நைனாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். நைனா கேலி செய்வார். ஆனாலும் அவள் கேட்டு முடிக்கும்வரை நிற்பார்.

ஒருநாள் விடியலில் அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. இந்தக் காதில் வைத்தாள், அந்தக் காதில் வைத்தாள். முகம் செத்துவிட்டது.

"நின்னுபோச்சு. இன்னிக்குப் போவாத" என்று நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வாங்கிக் கேட்டேன். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுதும்மா."

"இன்னா?"

"ஓடுதும்மா" என்று கத்தினேன்.

"உங்க நைனாவுக்கு ஒத்து ஊதாத."

நைனாவும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நாளாக அவள் எதற்கெடுத்தாலும் "இன்னா, இன்னா" என்றதும், அலை இரைச்சலைத் திட்டியதும் எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நைனா தோளிலிருந்த துடுப்பை இறக்கினார். கத்தாழை மீன் கூட்டமாகக் கத்தும். அதைக் கேட்க எங்கள் ஆட்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மேல்முனையில் காதை வைப்பார்கள். காது மந்தமானவர்கள் அந்த முனையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்; பல் வழியாகச் சத்தம் உள்ளே கேட்கும். நைனா துடுப்பின் அடியில் வாட்சை அழுத்திப் பிடித்து, மறுமுனையை அம்மாவின் வாயருகே நீட்டினார். கடி என்று ஜாடை காட்டினார்.

முறைத்துக்கொண்டேதான் கடித்தாள். அலை வந்து எங்கள் காலை நனைத்துவிட்டுப் போனது. அவள் கண் மெல்ல விரிந்தது. துடுப்பை விட்டுவிட்டு நைனாவைப் பார்த்தாள்.

"அப்போ என் காதா போச்சு?"

நைனா தலையாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"காதுதானே" என்றாள். "நான் இன்னாவோன்னு பயந்துட்டேன். நீ போய்ட்டு வா."