கங்காணியம்மா மலை ஏறிய மாதம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவிச்சியாக வேலைக்குச் சேர்ந்த புதிது. தொழிலாளரை மேற்பார்க்கும் பெரிய கங்காணியின் மனைவி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதென்று வந்தார். பயிற்சியில் படித்ததை வரிசையாகச் சொன்னேன்: இரவில் சோறு வேண்டாம், தேநீரில் சீனி வேண்டாம், தினமும் காலையில் மலை ஏற வேண்டும், பொங்கலுக்குள் பத்து றாத்தல் எடை குறைய வேண்டும்.

அதே மாதம், கொழுந்து பறிக்கும் மருதாயி கால் வீக்கத்தோடு வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. வேலைக்கு நடுவே அவ்வப்போது உட்காரச் சொல்லி அனுப்பினேன்.

பொங்கலுக்கு முன்பே கங்காணியம்மா பன்னிரண்டு றாத்தல் குறைந்திருந்தார்.

"மூச்சே வாங்கல மிஸ்ஸி! கொழுந்தெடுக்குற மேமல வரைக்கும் ஏறிட்டேன். அங்க அந்த மருதாயி சொகமா குந்தியிருக்கா. எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லி அவளுக்கு அரைப் பேர் போட வச்சேன்."

அரைப் பேர் என்றால் அன்றைக்குப் பாதிக் கூலிதான்.

"நாந்தாங்க அவள உக்காரச் சொன்னேன்."

"குந்திக்கிட்டே இருந்தா அவளும் என்னாட்டம் ஊதிப் போயிருவா மிஸ்ஸி."

"எடை கொறஞ்சிருச்சே. இனி வாசல்லயே நடந்தாப் போதுங்க."

"வாசல்ல நடந்தா என்னையப் பாத்து யாரு எந்திரிச்சு நிப்பா?" என்று சிரித்தார்.

அடுத்த முறை மருதாயி வந்தபோது வீக்கம் முழங்கால்வரை ஏறியிருந்தது. நாற்காலியைக் காட்டினேன்.

"வேணாம் மிஸ்ஸி. நின்னே பழகிட்டேன்."

இப்போதெல்லாம் யாரையும் நடக்கச் சொல்லுமுன், எந்த வழியாக நடப்பீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.