கை நனைக்க ஒரு முழங்கால்

என் வலது முழங்காலுக்கு அந்த வருஷம் பதினேழு பேர் வைத்தியம் சொன்னார்கள். எண்ணித்தான் சொல்கிறேன். அவர்களில் பதினொரு பேருக்கு முழங்கால் நன்றாகவே இருந்தது. மற்ற ஆறு பேரும் நொண்டிக்கொண்டே என் வீட்டுப் படியேறி, தங்களுக்குக் கேட்காத மருந்து எனக்குக் கேட்கும் என்றார்கள். தேவதானத்திலிருந்து ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார். அதைத் தடவி முடித்த பிறகும் முழங்கால் இருந்தபடியே இருந்தது. தெருநாய்கள் மட்டும் என் பின்னால் வர ஆரம்பித்தன. கான்சாபுரத்து ஒன்றுவிட்ட அண்ணன் எருக்கிலையைச் சூடாக்கிக் கட்டிவிட்டார். தோல் கொப்பளித்தது. "இப்பம் உள் வலி தெரியுதா?" என்று கேட்டார். கொப்புளத்தின் எரிச்சலில் அது தெரியவில்லைதான். "தெரியலல்ல, அம்புட்டுத்தான் வைத்தியம்" என்று சொல்லி எழுந்து போனார்.

வெறும் வலியென்றால் நாற்காலியில் உட்கார்ந்தே காலத்தைத் தள்ளியிருப்பேன். தாலுகா கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் நாற்காலியில் இருந்த உடம்பு இது. ஆனால் வீட்டில் கடைசி மகளின் கல்யாணம் பாக்கி இருந்தது. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பது உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடமாட்டோம். எல்லாம் பேசி முடிந்தபின் அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். பெண்ணின் தகப்பன் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். வேறு கையெழுத்து எதுவும் தேவையில்லை.

முதலில் வந்த சம்பந்தத்தில் நான் சம்மணம் போட முடியாமல் ஒரு பெஞ்சு கேட்டு வாங்கி உட்கார்ந்து, இலையையும் அதன்மேலேயே போட்டுச் சாப்பிட்டேன். கச்சேரி உத்தியோகம் பார்த்தவர் நம்மோடு தரையில் உட்கார மாட்டாராம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்களாம். எட்டாம் நாள் ஜாதகம் சேரவில்லை என்று ஆள் வந்தது. அதே ஜாதகம் அதற்கு முன் மூன்று மாதம் நன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த சம்பந்தம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடிவந்தது. என் மனைவி எனக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தாள். "இந்தத் தடவையும் பெஞ்சு கேட்டீகன்னா, பொண்ணை அந்தப் பெஞ்சுக்கே கட்டி வச்சிருங்க."

அதற்குப் பிறகுதான் ராஜபாளையத்தில் எங்கள் தெரு முனையில் மருந்து கொடுத்துவந்த கம்பவுண்டரிடம் போனேன். அவர் கிறிஸ்தவர். மாதா கோயிலில் முழங்காலில் நின்று நின்று நோவெடுத்தவர்களைப் பார்த்துப் பழகிய கை. காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"மருந்து வேண்டாங்கய்யா. காலுக்கு வேலை குடுக்கணும்."

"வேலை குடுத்துக் குடுத்துத்தானே இப்பிடி ஆச்சு."

"நீங்க எங்க காலுக்குக் குடுத்தீக? நாற்காலிக்குல்ல குடுத்தீக."

பதினேழு பேரில் இந்த மாதிரி மரியாதையில்லாமல் பேசியவர் யாரும் இல்லை. இருந்தாலும் உட்கார்ந்து கேட்டேன். நாலு பயிற்சி சொன்னார். மல்லாந்து படுத்து, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை மெதுவாகக் கீழே அமுக்க வேண்டும். பத்து எண்ணி விட வேண்டும். படுத்தபடியே குதிகாலைப் பாயோடு இழுத்துக் காலை மடக்கி நீட்ட வேண்டும். உயரமான இடத்தில் உட்கார்ந்து காலை நேராகத் தூக்கிப் பத்து எண்ணி, தொப்பென்று போடாமல் இறக்க வேண்டும். நாலாவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். இழுத்துப் பிடித்தால் பரவாயில்லை, சுருக்கென்று குத்தினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன். நாலாவதைச் செய்யவில்லை. நாற்காலியிலிருந்து எழுவதை முப்பத்தொரு வருஷம், அதிகாரி உள்ளே வரும்போதெல்லாம், செய்திருக்கிறேன். எனக்குத் தெரியாதது தரையில் உட்காருவதுதான். தவிர, அது முக்கியமென்றால் அவர் அதை முதலில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

காலையும் மாலையும் நான் கூடத்தில் மல்லாந்து உரக்க எண்ணிக்கொண்டிருப்பேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "அவிய என்னத்தை எண்ணுதாவ?" என்று கேட்டாள்.

"ஒரு காலைத்தான். இன்னும் கணக்கு முடியலை" என்றாள் என் மனைவி.

முடிந்தது. வலி குறைந்ததை நானே நம்பவில்லை. மூன்று மணைப்பலகையை அடுக்கி அதன்மேல் சம்மணம் போட்டுப் பழகினேன். பிறகு இரண்டு, பிறகு ஒன்று, கடைசியில் வெறும் பாய். எழும்போது பக்கத்திலிருந்த தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். தூணைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது வீட்டோடு இருக்கிற பொருள்.

ரயில் எங்கள் ஊருக்கு வராத காலம். மாட்டுவண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தோம். கோபுரம் கண்ணில் பட்டதும் என் மனைவி கும்பிட்ட கையோடு என் முழங்காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பேச்சு முடிந்து பந்தி போட்டார்கள். எனக்கு முதல் இலை. இடது பக்கம் இரண்டாவது இலை சம்பந்திக்கு. என்னைவிட ஒரு வயது இளையவர், உடம்பில் ஒன்றரை ஆள். எல்லாரும் பார்க்க நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் என் மனைவி மூச்சு விட்டது எனக்கே கேட்டதுபோல இருந்தது. கை நனைத்தேன். சாம்பார், ரசம், பாயசம், மோர் எல்லாம் ஆயிற்று.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். தூணைக் காணோம். பந்தி முற்றத்துப் பந்தலின் நட்டநடுவில் போட்டிருந்தது. அருகில் இருந்த தூண் பதினாலு முழம் தள்ளி இருந்தது.

முதல் இலைக்காரர் எழாமல் பந்தியில் யாரும் எழக்கூடாது. முப்பத்தெட்டுப் பேர் சாப்பிட்டு முடித்துக் கை காய உட்கார்ந்திருந்தார்கள். நான் இலையை மடக்கவில்லை. மடக்கினால் எழ வேண்டும். மடக்காத இலையைக் கண்டால் பரிமாறுகிறவர்கள் விடமாட்டார்கள். மறுபடி மோர் வந்தது, குடித்தேன். பாயசம் வந்தது. மறுபடி மோர்.

"நல்லாச் சாப்பிடுங்க சம்பந்தி, அவசரமில்லை" என்றார் பக்கத்து இலையில் இருந்த சம்பந்தி. அவரும் இலையை மடக்கவில்லை.

பந்தியின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, வாளியை அங்கனேயே வச்சிருங்க. பொண்ணு வீட்டுக்காரவுக கல்யாணச் சாப்பாட்டையும் இப்பமே முடிச்சிருவாக போல." சிரிப்பு வரிசையோடு ஓடி வந்து என் இலையில் நின்றது.

இன்னும் செத்த நேரம் போனால் இது தின்னிக் குடும்பம் என்று சொல்வார்கள். எழ முயன்று கவிழ்ந்தால் நோயாளிக் குடும்பம் என்பார்கள். இரண்டுக்கும் ஜாதகம் சேராமல் போய்விடும். நான் சம்பந்தியின் பக்கம் சாய்ந்தேன்.

"வீட்டுக்காரவுக நீங்க. நீங்க மொதல்ல எந்திரிங்க."

"அதெப்பிடி. நீங்க மூத்தவுக."

"ஒரு வயசுதானே."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி, நீங்க எந்திரிச்சு ஒரு கை குடுப்பீகன்னுதான் நான் இம்புட்டு நேரம் காத்திருக்கேன். எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு."

"எனக்கு ஒண்ணுதான்" என்றேன். அந்த நேரத்தில் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இருவரும் ஒரே சமயத்தில் இலையை மடக்கினோம். அவர் பாயசக் கையை என் தோளில் போட்டார். நான் இடது கையால் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். என் நல்ல காலும், துண்டை அமுக்கி அமுக்கித் தேறிய காலும், அவருடைய கனமும் சேர்ந்து எப்படியோ இரண்டு பேரும் நின்றோம். நின்ற பிறகும் விடவில்லை, விட்டால் விழுந்திருப்போம். முப்பத்தெட்டுப் பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்கள்.

"கை நனைச்ச அன்னைக்கே தோள்ல கை போட்டுக்கிட்டாக. இந்த மாதிரிச் சம்பந்தம் நான் பார்த்ததே இல்லை" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் ஒட்டிய கை. அதனாலும் கண்ணில் நீர் வந்திருக்கலாம்.

வண்டியில் திரும்பும்போது என் மனைவி அங்கவஸ்திரத்திலிருந்த பாயசக் கறையைத் தொட்டுப் பார்த்தாள். "இதைத் துவைக்க வேண்டாம். பொறவு யாராச்சும் சம்பந்தம் சரியில்லைன்னா காட்டலாம்" என்றாள்.

மறுநாளே நாலாவது பயிற்சியை ஆரம்பித்தேன். நாலையும் விவரமாக எழுதி சம்பந்திக்கும் அனுப்பினேன், நாலாவதை முதலில் போட்டு. அவர் என்ன செய்தாரோ தெரியாது. கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை ராஜபாளையத்தில் எங்கள் வாசலில் வண்டியை விட்டு இறங்கினார். சீர் எங்கே, சமையல் யார் என்று எதையும் கேட்கவில்லை. என்னைத் தனியே இழுத்துப்போய், "பந்தி போடுற எடத்துல தூண் எத்தனை?" என்று கேட்டார்.

எட்டு என்றேன். எண்ணி வைத்திருந்தேன்.