நீரின் தாயை வெட்டியவர்

1929 பிப்ரவரி 3: 40 பொலிவார். முதல் மாதக் கூலி.
1936 மார்ச் 12: 15 பொலிவார். பாம்பு தேடிய வகையில்.
1948 ஜூலை 30: 60 பொலிவார். மனைவி ப்ரூடென்சியாவின் சவப்பெட்டிக்கு முன்பணம்.
1961 ஏப்ரல் 19: 310 பொலிவார். கணக்குத் தீர்த்தது.

எவாரிஸ்தோ கொல்மெனாரெஸ் எங்கள் அபூரே சமவெளி மாட்டுப்பண்ணையில் வேலை செய்த காலம் இந்த நான்கு வரிக்குள் அடங்கும். நான் அங்கே கணக்கர்.

இறைச்சி விலக்கும் தவக்காலத்துக்கு முன் சிகுயிரே வேட்டை நடக்கும். பன்றி அளவுள்ள அந்தத் தண்ணீர்ப் பிராணியை எங்களூரில் மீன் கணக்கில் சேர்த்துத் தவக்காலத்திலும் தின்போம். அனகோண்டாவுக்கும் அதுதான் விருப்பமான இரை. அதனால் குதிரைகள் இறங்குவதற்கு முன் எவாரிஸ்தோ வெறுங்காலோடு சேற்றுநீரில் நடந்து பார்ப்பார். ஆகாயத்தாமரைக்கு அடியில் கிடக்கும் பாம்பு கண்ணில் படாது. முதுகு பாசி நிறம், அதில் கறுப்பு வட்டங்கள். கண்ணும் மூக்கும் தலையின் உச்சியில் இருப்பதால் உடம்பு முழுவதையும் நீருக்குள் வைத்துக்கொண்டே மூச்சு விடும். காலில் தட்டினால்தான் தெரியும்.

கரையிலிருந்து ஒருவன் கேட்பான்: "அண்ணே, கால்ல என்னது?"

"உன் மாமியாதான்டா. தூங்குறா. கயித்தக் கொண்டா, எழுப்பாம இழுப்போம்."

பிடித்ததைத் தூரத்து ஓடையில் விட்டுவிடுவார்கள். கொல்ல மாட்டார்கள். பண்ணைவீட்டுக் குளத்தில் இருந்ததைத் தொடவே மாட்டார்கள். அது நீரின் தாய். அது போனால் தண்ணீரும் போய்விடும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கன்று அதன் வயிற்றுக்குள் போகும். பெரிய இரை விழுங்கினால் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அதைக் குளத்தின் வாடகை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

1961இல் வறட்சி. பிப்ரவரியிலிருந்தே குளம் நாளுக்கு இரண்டு விரல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் நட்ட அளவுகம்பு எல்லோர் கண்ணெதிரிலும்தான் நின்றது. மார்ச் 21 காலையில் ஒரு பசு சேற்றில் சிக்கியது. மேலாள் இலாரியோ கயிற்றோடு இறங்கினான். பாம்பு அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. அவன் விழுந்தான், எழுவதற்குள் தொடையிலும் இடுப்பிலும் சுற்று விழுந்துவிட்டது. அது எலும்பை நொறுக்குவதில்லை. இரை மூச்சு விடும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இறுக்கும், ரத்த ஓட்டம் நிற்கும்வரை. இலாரியோ ஒரே ஒரு முறைதான் கத்தினான்.

முதலில் வந்து சேர்ந்தவர் எவாரிஸ்தோ. கையில் வெட்டுக்கத்தி. ஒரு கணம் நின்றார். "மன்னிச்சிரு தாயி" என்றார். பிறகு கழுத்தில் வெட்டினார். கரையில் இழுத்துப் போட்டு அளந்தேன்: ஐந்து மீட்டர் பத்து சென்டிமீட்டர். அடிவயிறு மஞ்சள்.

அடுத்த நாட்களில் ஒல்லியான பாம்புகள் ஒவ்வொன்றாக அந்த இடத்துக்கு வந்து சேற்றைத் துழாவின. கோடையில் ஒரு பெட்டையை மோப்பம் பிடித்துப் பல ஆண்கள் வரும், ஆண்கள் சிறியவை. இதை எனக்குச் சொன்னவரே எவாரிஸ்தோதான். ஆனால் பண்ணையில் வேறு மாதிரி பேசினார்கள். பிள்ளைகள் தாயைத் தேடி வருகின்றன, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகின்றன என்றார்கள். எவாரிஸ்தோ மறுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 10ஆம் தேதி குளம் வெடித்த சேறாகிவிட்டது. மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. தின்ற கனத்தில் கழுகுகள் பறக்க முடியாமல் நடந்தன.

19ஆம் தேதி இலாரியோ ஊன்றுகோலோடு சமையல் கொட்டகைக்கு வந்தான். எவாரிஸ்தோ காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க போயிரணும். ஆளுங்க உங்களோட வேலைக்கு வரமாட்டேங்கிறாங்க."

"போறேன்."

"நான் உங்கள வெட்டச் சொல்லல."

"கத்துனியேப்பா."

"வலிச்சா மாடுகூடத்தான் கத்தும். அதுக்குன்னு குளத்தயா அறுப்பாங்க?"

எவாரிஸ்தோ கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். செத்தா ப்ரூடென்சியா பக்கத்துல போடணும். பண்ணை இடுகாட்டுல எடம் விட்டு வச்சிருக்கேன்."

"அத முதலாளி சொல்லணும். அவரு வாயால சொல்லாம இங்க ஒருத்தன் மம்முட்டி தொடமாட்டான்."

வாசல் வரை கூடப் போனேன். "குளம் முன்னாடியே இறங்கிட்டுத்தான் இருந்துச்சு. கம்பப் பாத்தீங்கல்ல?" என்றேன்.

"கம்பு தண்ணி எவ்வளவு கெடக்குன்னு சொல்லும், கணக்கரே. யாரு புடிச்சு வச்சிருந்தான்னு சொல்லாது."

"அப்ப இலாரியோவ விட்டுருக்கணுமா?"

"அதான் தெரியல. படுத்தா ரெண்டு பேரும் வர்றாங்க, அவனும் அந்தத் தாயும்." மனைவியின் கல்லறைப் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார். பிறகு சான் ஃபெர்னாந்தோ ஊருக்கு நடந்தார்.

மே மாதம் மழை பிடித்தது. ஜூலையில் குளம் நிறைந்தது. செப்டம்பரில் ஒரு பெரிய பெட்டை அங்கே வந்து சேர்ந்திருந்ததை இலாரியோவே பார்த்தான். தொப்பியைத் தொட்டுவிட்டு வேறு வழியாகப் போனான். எவாரிஸ்தோவைக் கூப்பிட ஆள் அனுப்பலாம் என்றேன். "வந்தா இதுவும் போயிரும்" என்றான்.

தலைநகர் காரகாஸில் இருந்த முதலாளிக்கு மூன்று முறை எழுதினேன். கேட்டது அந்த ஒரு குழிக்கான அனுமதி மட்டும்தான். பதில் இல்லை.

எவாரிஸ்தோ சான் ஃபெர்னாந்தோ படகுத்துறையில் மூட்டை தூக்கினார். கால் வீங்கியபின் ஒரு கொட்டகையில் கிடந்தார். 1962 மே 27ஆம் தேதி இறந்தார். யாரும் கேட்டு வராததால் நகராட்சியார் மறுநாளே பொதுக்குழியில் மற்ற இருவரோடு சேர்த்துப் புதைத்தார்கள். அந்தக் குழிகளுக்கு அடையாளம் வைப்பதில்லை. ப்ரூடென்சியாவின் பக்கத்து இடத்தில் புல் வளர்ந்திருக்கிறது.

மழைக்காலத்தில் எங்களுக்குத் தபால் படகில்தான் வரும். "அவர் மனைவி பக்கத்திலேயே கிடக்கட்டும், என் பேரைச் சொல்லிக் குழி தோண்டச் சொல்" என்று முதலாளி எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது 1962 ஜூன் 14.