டீச்சரின் வேகத்தைக் குறைத்தவர்

எனக்குத் தலையில் முடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு நான்கு நாள் நான் சலூனில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்காத கேள்வி இல்லை. சலூனுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் இந்தத் தெருவில் யாருக்கும் தலைவலிகூட வருவதில்லை. அந்த நேரத்தில் சாலையைக் கடந்து போய், காதோரம் மிச்சமிருக்கும் நாலு முடியைச் சரிசெய்யச் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். உண்மையில் நான் போனது நாவல் கேட்க.

சலூனில் இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். தெருவில் மூத்தவருக்குப் பெரிய கத்தி என்று பெயர், இளையவருக்குச் சின்னக் கத்தி. பெரியவருக்கு ஐம்பத்தெட்டு வயது, சின்னவருக்கு நாற்பத்தாறு. நாற்காலிகளுக்கு நடுவே இரண்டடி இடைவெளி. அந்த இரண்டடியைத் தாண்டி ஒரு வார்த்தை போய்ப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

எதைச் சொல்ல வேண்டுமானாலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் வழியாகத்தான். "சார், பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட சொல்லுங்க, பெரிய சீப்பு என்னோடதுன்னு." வாயெல்லாம் நுரையோடு நான் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டடி தள்ளி நிற்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் சீப்பு நகரும். தபால்காரன் வேலைக்கு எனக்குத் தனியாக யாரும் நன்றி சொன்னதில்லை.

காரணம் தெருவுக்கே தெரியும். அவர்களுடைய அப்பா திடீரென்று விழுந்தபோது பெரியவர் வெளியூரில் இருந்தார். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்ல, சின்னவர் கையெழுத்துப் போட்டார். அப்பா கண் விழிக்கவில்லை. மறுநாள் காலை வந்து இறங்கிய பெரியவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் முன்னால், "நீதான்டா கையெழுத்துப் போட்டுக் கொன்னுட்டே," என்றார். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அப்பா விட்டுப்போன கடையிலிருந்து இருவரும் நகரவும் இல்லை.

பெரியவர் சரியான புத்தகப் பைத்தியம். ஆனால் தொழில் அப்படி. பத்து மணி நேரம் நின்றபடி வேலை. கண் அடுத்தவன் தலையில், கை கத்திரியில். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை விரித்தால் எழுத்தெல்லாம் கலங்கிவிடும். மூக்குக்கண்ணாடியை மூன்று தடவை மாற்றியும் அரை மணிக்கு மேல் தாங்கவில்லை. ஒரு நாவலை முடிக்க ஒரு வருடம் ஆனது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் இதைப் பார்த்துவிட்டு, மின்புத்தகம் படிக்கும் கருவி ஒன்றை வாங்கித் தந்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கத்தைக் காட்டவும் செய்யும், சத்தமாக வாசிக்கவும் செய்யும். பெரியவர் அதை ஒரு குட்டி ஸ்பீக்கரோடு இணைத்து, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் பவுடர் டப்பாவின் மேல் சாய்த்து வைத்தார்.

உள்ளே இருந்த பெண் குரலுக்கு நாங்கள் டீச்சர் என்று பெயர் வைத்தோம். டீச்சருக்கு எல்லாம் ஒன்றுதான். "ஐயோ என்று அலறியபடி ஆற்றை நோக்கி ஓடினாள்" என்பதை வானிலை அறிக்கை மாதிரி வாசிக்கும். அடிக்குறிப்பு வந்தால் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு அதையும் வாசிக்கும். முதல் நாள் பதிப்பகத்தின் முகவரியைத் தொலைபேசி எண் வரைக்கும் வாசித்தது. நாங்கள் அதுவும் கதை என்று நினைத்து மரியாதையாகக் கேட்டோம். டீச்சரிடம் இல்லாத உணர்ச்சியைப் பெரியவர் தன் கத்திரியில் போட்டார். சண்டை வந்தால் கத்திரி படபடக்கும். யாராவது சாகப்போகிறார்கள் என்றால் அவருக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்து, கத்திரி காதருகே நின்றுவிடும்.

டீச்சர் வாசிக்கும்போது யாரும் பேசக்கூடாது. யாருக்காகவும் நிறுத்துவதும் இல்லை. போன் வந்து வெளியே போனால் போனதுதான், திரும்பி வந்து என்ன ஆச்சு என்று கெஞ்சினாலும் பெரியவர் பிடிகொடுக்க மாட்டார். ஒரே ஒருவருக்கு மட்டும் சலுகை உண்டு. சின்னவர் டீ குடிக்கக் கிளம்பினால், பெரியவர் துண்டு எடுக்கும் சாக்கில் போய் டீச்சரை நிறுத்திவிடுவார். சின்னவர் வந்து கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் மறுபடி ஓடும். நாங்கள் அதைப் பார்க்காதது போல இருந்துகொள்வோம்.

நாவல் ஆயிரத்துச் சொச்சம் பக்கம். படகுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பம். ஒரு காலையில் மூத்த மருமகள் காணாமல் போகிறாள். அவள் எங்கே போனாள் என்று தெரியாமல் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் முடி வெட்டியவர்கள் இந்த வாரமும் வந்து, "காது பக்கம் கனமா இருக்கு," என்றார்கள். தையல்காரர் ஒருவர் கனமாக எதுவுமே இல்லாமல் தினமும் வந்தார். என்னை அவரோடு சேர்க்க வேண்டாம், எனக்கு நாலு முடியாவது இருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் சின்னவரின் நாற்காலியில் முகத்தைக் கொடுத்துவிட்டுக் கண்மூடியிருந்தார். டீச்சர் சாவகாசமாக, "கவிழ்ந்த படகின் அடியில் ஒரு பெண்ணின் செருப்பு கிடந்தது," என்றது. சின்னவரின் கை ஒரு துள்ளுத் துள்ளியது. முப்பது வருட மீசையில் வலது பாதியைக் காணோம். ஹெட்மாஸ்டர் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் பெரியவர் நடுவில் வந்து நின்றார்.

"சார், அவன் மேல தப்பில்ல. நான்தான் சத்தத்தக் கூட்டி வச்சேன். அசையாம இருங்க, மிச்சத்தையும் எடுத்துடறேன். பத்து வயசு குறைஞ்சிடும்."

எடுத்தும்விட்டார். பத்து வயது குறையவில்லை, ஹெட்மாஸ்டர் எதையோ திருடிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். ஆனால் அன்று ஒலி எப்போதும்போலத்தான் இருந்தது, கூட்டி வைத்ததெல்லாம் பொய். தம்பிக்காக அண்ணன் சொன்ன பொய். அந்த மனிதர் மேல் எனக்கு நிஜமான மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் முதல் தேதி, என் தாடையில் கத்தியை வைத்துக்கொண்டு சின்னவர் சொன்னார். "சார், பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட சொல்லிடுங்க. பெரிய ரோட்டுல புதுசா ஏசி சலூன் திறக்கறாங்க, என்னைக் கூப்பிட்டிருக்காங்க. முப்பதாந்தேதியோட இங்க நின்னுக்கறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கத்தி தொண்டைக்குப் பக்கத்தில் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெரியவர் கத்திரியை நிறுத்தாமல், "கேட்டுச்சுன்னு சொல்லுங்க," என்றார்.

அப்போது நாவலில் இருநூறு பக்கம் பாக்கி. வழக்கமான வேகத்தில் பத்து நாளில் முடிந்துவிடும். கதையை நடுவில் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை தம்பி என்பது பெரியவருக்குத் தெரியும். நான்காம் நாள் டீச்சர் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போலிருந்தது. அடுத்த வாரம் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம்.

"பேட்டரி போயிடுச்சு போல," என்றார் தையல்காரர்.

பெரியவர் காதில் விழாத மாதிரி இருந்தார். காலையில் கடையைத் திறந்ததும் அவர் கருவியை எடுத்து வேகத்தை ஒரு படி குறைப்பதை நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தி வைக்கத் தெரியாத ஒரு மாதத்தை அவர் அந்தச் சின்னப் பொத்தானை வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

இருபதாம் தேதி வாக்கில் ஒரு மதியம் அவரே என் கடைக்கு வந்தார். கையில் நாலாக மடித்த தாள். "இதக் கொஞ்சம் டைப் அடிச்சு என் பொண்ணுக்கு அனுப்பணும் சார். அவ அந்தக் கருவியில ஏத்திடறேன்னா. ஏத்திட்டா டீச்சர் இதையும் வாசிக்குமாம்."

பிரித்துப் பார்த்தேன். தம்பிக்கு எழுதியது. எட்டு வரி. மூன்று இடத்தில் அடித்து எழுதியிருந்தார்.

"இத நீங்களே சொல்லிடலாமே. ரெண்டடி தள்ளித்தானே நிக்கறார்?"

"ஒவ்வொரு நாளும் கடை திறக்கறப்போ இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் வரேன் சார். அவன் மூஞ்சியப் பாத்தா வாய் வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு இருமல் மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் டைப் அடித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

இருபத்தைந்தாம் தேதி பெரியவர் சாப்பிடப் போயிருந்தார். பெஞ்சில் நான் மட்டும். சின்னவர் கண்ணாடி துடைக்கும்போது கருவியை எடுத்து ஓரமாக வைக்கப் போனார். விரல் எங்கோ பட்டு, திரையில் வேகத்தின் அளவு தெரிந்தது. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைந்திருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும். அழுத்தவில்லை. துணியால் திரையைத் துடைத்து, இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்குப் பெஞ்சில் இடமில்லை. முடி வெட்ட வந்தவர் ஒருவரும் இல்லை, எல்லோருக்கும் விஷயம் தெரியும். அப்படி இழுத்தும் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது. சின்னவர் தன் கத்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு துண்டில் சுருட்டினார். பெரியவர் கருவியிடம் போனார். எதையோ தேடி அமுக்கினார்.

"தம்... பி... அன்... றைக்கு... ஆஸ்... பத்திரி..."

அவசரத்தில் வேகத்தைக் கூட்ட மறந்துவிட்டார். பதினொரு வருடம் தொண்டையில் நின்றது, இப்போது டீச்சரின் வாயில் நின்று நின்று வந்தது. தையல்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "இது எந்த அத்தியாயம்?" என்று கேட்டார். நான் அவர் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினேன். பெரியவர் வேகத்தைக் கூட்டப் பார்த்தார். விரல் ஈரம், திரை கேட்கவில்லை. "வராந்... தாவில்... நான்..." என்று அது இழுத்தது. சின்னவர் துண்டைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

பெரியவர் ஸ்பீக்கரை ஒரேயடியாக அணைத்தார். திரும்பினார்.

"நீ அப்பாவக் கொல்லலடா. நான் இருந்திருந்தாலும் அந்தக் கையெழுத்தத்தான் போட்டிருப்பேன். அந்த நேரத்துல நான் ஊர்ல இல்லாமப் போயிட்டேனேன்னு என் மேல எனக்கு ஆத்திரம். அதத் தூக்கி உன் மேல போட்டுட்டேன். சொன்ன அந்த நிமிஷமே தெரியும்டா எனக்கு."

இவ்வளவையும் அவர் தரையைப் பார்த்துச் சொல்லவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். இத்தனை பேர் முன்னால். அன்றைக்குப் பழி சொன்னதும் பத்துப் பேர் முன்னால்தானே. என் வாழ்நாளில் துணிச்சல் என்று நான் நேரில் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சின்னவர் பாதி சுருட்டிய துண்டைக் கண்ணாடியோரம் வைத்தார். "இப்போ வரைக்கும் நான் அந்த வராந்தாவுலயேதான் நின்னுட்டிருந்தேன் அண்ணா."

"தெரியும்."

"நாளைக்குப் போகாம இருக்க முடியாது. வரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"போ. யார் வேணாம்னா?"

சின்னவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இந்தத் தலையோட போய் நின்னா அந்த ஏசி சலூன்காரன் என்னை உள்ளயே விடமாட்டான்," என்று சொல்லிவிட்டுப் போய் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முடி வெட்டுகிறவன் தன் பின்னந்தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. சின்னவர் இத்தனை வருடமும் இரண்டு தெரு தள்ளி யாரோ ஒருவனிடம் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவரும் பஸ் ஏறிப்போய் வேறு யாரிடமோ. இரண்டு பேரும் அதைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததில்லை.

பெரியவர் வெள்ளைத் துணியை உதறித் தம்பியின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். முடிச்சுப் போட மூன்று தடவை ஆனது.

"பின்னாடி எவ்வளவு எடுக்கட்டும்?"

"உனக்குத் தெரியாதா?" என்று சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் அவர் தலையில் தண்ணீர் தெளித்துச் சீவிவிட்டு, வெட்ட ஆரம்பித்தார்.